குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்: திசு மாற்றங்களும் தமிழ்க் கலைச்சொற்களும்

1. முன்னுரை

கருநாடக மாநிலத்தின் தென்கிழக்கில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள கோலார் தங்கவயல், தமிழ்நாட்டிற்கு வெளியே தமிழ் வீட்டுமொழியாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியை ஏற்ற பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பங்கள் அங்கேயே நிலைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் தமிழ் அங்கு வாழ்கிறது. அங்குள்ள தமிழ்த்தாய் ஒருத்தி மருத்துவமனைக்குச் செல்லும்போது மூன்று மொழிகளுக்கிடையே நிற்கிறாள். அரசின் அறிவிப்பு கன்னடத்தில் உள்ளது. மருத்துவரின் குறிப்பு ஆங்கிலத்தில் உள்ளது. அவள் சிந்திப்பது தமிழில்.

மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளைத் தாக்கும் விழித்திரை நோயைப் பொறுத்தவரை, இம்மும்மொழிச் சூழல் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பெரும் பொறுப்பைத் தருகிறது. இந்நோய் பிறந்த சில வாரங்களில் தோன்றுகிறது. மருத்துவம் தேவைப்படும் கட்டத்தை அடைந்தபின் இரண்டு மூன்று நாள்களுக்குள் அதனைச் செய்தாக வேண்டும். அக்கட்டத்தில் குழந்தையின் கண் வெளிப்பார்வைக்கு எவ்விதக் குறையுமின்றித் தோன்றும். ஆகவே பெற்றோரைச் செயற்படத் தூண்டுவது கண்ணால் காணும் அடையாளமன்று; அவர்கள் கேட்கும் சொல்லே.

இந்நோயில் விழித்திரைத் திசுவில் நிகழும் நுண்மாற்றங்களை வரிசைப்பட விளக்கி, அவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் நோயின் முடிவிலிருந்தன்றித் தொடக்கத்திலிருந்து அமைதல் வேண்டும் என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பெயரின் வரலாறு

1942இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியடோர் டெரி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழிவில்லைக்குப் பின்னே வெண்ணிற நார்த்திசு படர்ந்திருத்தலைப் பதிவு செய்தார். பின்னர் இதற்கு 'ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா' என்னும் பெயர் வழங்கலாயிற்று. கிரேக்க, இலத்தீன் மொழிகளில் பயிற்சியுடைய ஹாரி மெசஞ்சர் என்னும் கண் மருத்துவர் இப்பெயரைத் தந்தார். இதன் நேர்பொருள் 'வில்லையின் பின் நார்த்திசுப் பெருக்கம்' என்பதாகும். சொல்லமைப்பில் குறை காண இயலாத பெயர் இது. ஆயின் இது சுட்டும் நிலை நோயின் இறுதி நிலை. வில்லையின் பின்னே வெண்மை தெரியும்போது விழித்திரை முழுவதும் விலகிப் பார்வை ஏறத்தாழ இழக்கப்பட்டிருக்கும்.

1951இல் பார்க்கர் ஹீத் என்னும் நோய்க்குறியியலார் இந்நோயுற்ற கண்களின் திசுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் 'ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி' என்னும் பெயரை ஆண்டார். நோயின் இருப்பிடம் விழித்திரை, அதன் அடிப்படை முதிராமை என்னும் இரண்டு செய்திகள் இப்பெயரில் அடங்கியுள்ளன. அதே ஆண்டில் மெல்போர்ன் நகரில் கேட் கேம்பெல், மிகுதியான ஆக்சிசன் இந்நோய்க்குக் காரணமாகலாம் எனச் சுட்டினார். லண்டனில் நார்மன் ஆஷ்டன் குழுவினர் பூனைக்குட்டிகளைக் கொண்டு ஆக்சிசனின் விளைவை ஆராய்ந்தனர். காரணம் உறுதிப்படுவதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர் என மதிப்பிடுவர். 1984இல் 11 நாடுகளைச் சேர்ந்த 23 கண் மருத்துவர்கள் உருவாக்கிய பன்னாட்டு வகைப்பாட்டிற்குப் பின் ஹீத்தின் பெயரே பொதுப்பெயராக நிலைத்தது.

வெளியே தெரிந்த வெண்மையைக் கண்டவர் தந்த பெயர் மறைய, நுண்ணோக்கியின் வழித் திசுவைக் கண்டவர் தந்த பெயர் நின்றது. தமிழில் இந்நோய்க்குச் சொல் தேடுவோர் மனங்கொள்ள வேண்டிய வரலாறு இது.

3. இயல்பான வளர்ச்சி

விழித்திரை என்பது விழிக்கோளத்தின் உட்சுவரில் படிந்துள்ள மெல்லிய நரம்புத்திசு. கருவின் 16ஆம் வாரம் அளவும் அதற்குத் தனிக் குருதிக்குழாய்கள் இல்லை. அதன்பின் பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து குழாய்கள் தோன்றி நாற்புறமும் விளிம்பு நோக்கிப் பரவுகின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை ஏறத்தாழ 36ஆம் வாரத்திலும், தொலைவு மிக்க பொட்டுப் பக்கத்து விளிம்பை 40ஆம் வாரத்தையொட்டியும் எய்துகின்றன.

இப்பரவலின் முன்னே கதிர்க்கோல் வடிவச் செல்களும் விண்மீன் வடிவச் செல்களும் செல்கின்றன. குழாய் எட்டாத பகுதியில் ஆக்சிசன் சற்றுக் குறைவாக இருப்பதால், அங்குள்ள செல்கள் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. மருத்துவர் இதனை ஆங்கில முதலெழுத்துகளால் 'வி.இ.ஜி.எஃப்.' என்பர். வாய்க்காலின் கடைமடை வறண்டிருப்பதே நீரை அங்கு வரவழைப்பது போன்ற ஏற்பாடு இது. நீர் சென்று சேர்ந்தபின் வேட்கை அடங்குகிறது. குழாய் வளர்ச்சியும் நிற்கிறது.

28ஆம் வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு இவ்வேலை பாதியில் நிற்கிறது. விழித்திரையின் நடுப்பகுதி பாசனம் பெற்ற வயலாகவும், புறப்பகுதி நீர் காணாத வயலாகவும் பிரிந்து நிற்கின்றன. நோயின் திசு மாற்றங்கள் அனைத்தும் இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன.

4. திசு மாற்றங்கள்

4.1 தடைப்படுதல்: கருப்பையில் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிசன் குறைவு. பிறந்தபின் காற்றிலிருந்தும், உயிர்காக்கத் தரப்படும் ஆக்சிசனிலிருந்தும் அது மிகுதியாகக் கிடைக்கிறது. விழித்திரையின் வேட்கை பொய்யாகத் தணிகிறது. தூண்டு புரதம் குறைகிறது. அதனை நம்பி வாழும் இளங்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் மடிகின்றன, நுண்குழாய்கள் அடைபடுகின்றன. குழாய் வளர்ச்சிக்குத் துணைபுரியும் இன்னொரு காரணி தாயிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அதுவும் பிறப்பால் நின்றுவிடுகிறது. இது நோயின் முதற்பகுதி. இதற்கு வெளி அடையாளம் எதுவுமில்லை.

4.2 எல்லைக்கோடு: வாரங்கள் செல்லச் செல்ல, குழாயற்ற பகுதியின் நரம்புச் செல்கள் முதிர்கின்றன, அவற்றின் ஆக்சிசன் தேவை பெருகுகிறது. ஏறத்தாழ 32 முதல் 34ஆம் வாரத்தில் வேட்கை திரும்புகிறது. இம்முறை அளவு கடந்து திரும்புகிறது. முன்னேற இயலாது நின்ற கதிர்க்கோல் வடிவச் செல்கள் எல்லையில் குவிந்து தடிக்கின்றன. கண்ணின் உட்புறத்தை ஆயும் மருத்துவருக்கு இது மெல்லிய வெண்கோடாகத் தெரியும். இதுவே முதல் நிலை.

4.3 வரப்பு: கோட்டிற்குப் பின்னால் உட்சுவர்ச் செல்கள் பெருகுகின்றன. ராபர்ட் ஃபூஸ் என்னும் நோய்க்குறியியலார் 1980களில் இவ்விடத்தில் இரண்டு வரிசைகளைப் பிரித்துக் காட்டினார். முன்வரிசையில் கதிர்க்கோல் வடிவச் செல்கள் உள்ளன. பின்வரிசையில் பெருகும் உட்சுவர்ச் செல்கள் உள்ளன. பின்வரிசையின் பெருக்கத்தால் கோடு அகலமும் உயரமும் பெறுகிறது. இஃது இரண்டாம் நிலை. இந்நிலை வரை மாற்றம் முழுவதும் விழித்திரைக்குள்ளேயே அடங்கியுள்ளது; பெரும்பாலான குழந்தைகளில் தானே தணிந்தும் விடுகிறது.

4.4 மீறி வளர்தல்: விழித்திரையின் உட்புறத்தை மூடியுள்ள உள்ளெல்லைச் சவ்வைத் துளைத்துக்கொண்டு புதிய குழாய்கள், விழிக்கோளத்தின் நடுவை நிரப்பும் தெளிந்த விழிக்கூழிற்குள் நுழைவது மூன்றாம் நிலை. இக்குழாய்கள் செவ்வையாக அமைந்தவை அல்ல. இவற்றின் சுவரில் கசிவுண்டு. சுற்றிலும் நார்த்திசு சேர்கிறது. நோயில் ஒரு வாசல் கடக்கப்படுவது இங்குதான். நோய் தீவிரமடையும்போது கண்ணின் பின்பகுதியிலுள்ள பழைய குழாய்களும் புடைத்து நெளிகின்றன.

4.5 விலகல்: நார்த்திசுவின் இயல்பு சுருங்குவது. விழித்திரையையும் விழிக்கூழையும் பற்றியுள்ள அது சுருங்கும்போது, விழித்திரை தன் படுகையிலிருந்து இழுபட்டு விலகுகிறது. ஒரு பகுதி விலகினால் நான்காம் நிலை. முழுதும் விலகினால் ஐந்தாம் நிலை. டெரி கண்ட வெண்மை இவ்வைந்தாம் நிலையின் தோற்றமே.

மருத்துவத்தின் நியாயமும் இத்திசு மாற்றங்களிலிருந்தே விளங்கும். லேசர் ஒளியால் சுடப்படுவது புதிய குழாயன்று; வேட்கைமிக்க குழாயற்ற பகுதியே. அதன் கூக்குரல் அடங்கினால் புதிய குழாய்கள் வாடுகின்றன. கண்ணுக்குள் செலுத்தப்படும் ஊசிமருந்து, தூண்டு புரதத்தையே செயலிழக்கச் செய்கிறது.

5. சொல் தேர்வில் எழும் சிக்கல்கள்

5.1 'வரப்பு': இரண்டாம் நிலையின் ஆங்கிலப் பெயருக்கு 'மேடு' என எழுதுவது எளிது. தங்கவயலில் அச்சொல் ஊரைச் சுற்றிக் குவிந்துள்ள சையனைடு மண்குவியலை நினைவூட்டும். திசுவில் உள்ளதோ ஒடுங்கிய, நீண்ட, இருபகுதிகளைப் பிரிக்கும் உயர்வு. உழவர் வழக்கிலுள்ள 'வரப்பு' இம்மூன்று பண்புகளையும் ஒருங்கே தருகிறது. நீர் பாய்ந்த வயல், பாயாத வயல் என்னும் விளக்கத்தோடும் இயைகிறது. அவ்வாறே 'எல்லைக்கோடு' என்பதற்கு மாற்றாக 'லைன்' என ஒலிபெயர்த்தல் அங்கு பயன்தராது. தங்கவயலில் 'லைன்' என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையாகும்.

5.2 'முன்வரிசை', 'பின்வரிசை': ஃபூஸ் ஆண்டவை படையியற் சொற்கள். முன்செல்லும் படைக்குப் பழந்தமிழில் 'தூசி' என்னும் பெயருண்டு. பின்னணிப் படைக்குக் 'கூழை' என்பர். இலக்கியப் பயிற்சியுடையார்க்கு இவற்றை மீட்டெடுக்கும் ஆர்வம் எழுதல் இயல்பே. ஆயின் பாறைத்தூசியால் நுரையீரல் தழும்பேறிய தலைமுறைகளைக் கண்ட தங்கவயலில் 'தூசிச் செல்கள்' என்பது முற்றிலும் வேறு நோயைச் சுட்டிவிடும். 'பின்னணி' என்பதும் இன்று சூழலையோ பாட்டையோதான் நினைவூட்டும். ஆகவே 'முன்வரிசை', 'பின்வரிசை' என்பனவே பொருந்துவன.

5.3 'தணிதல்': நோய் தானே அடங்குவதைக் குறிக்கும் 'ரிக்ரெஷன்' என்னும் சொல்லை மொழிபெயர்ப்பார் சிலர் 'பின்னடைவு' எனக் கொள்ளக்கூடும். சொற்கூறுகளின்படி அது தவறன்று. ஆயினும் இன்றைய தமிழில் 'உடல்நிலையில் பின்னடைவு' என்றால் நோயாளியின் நிலை மோசமடைந்தது என்பதே பொருள். நற்செய்தி துயரச் செய்தியாக மாறிவிடும். 'நோய் தணிந்தது' என்பதே நேரிது. 2021இல் வெளிவந்த பன்னாட்டு வகைப்பாட்டின் மூன்றாம் திருத்தம், தணிதலையும் மீண்டும் தலைதூக்குதலையும் தனித்தனியே வரையறுத்துள்ளது. ஊசிமருந்து பெற்ற கண்ணில் நோய் மீளவும் எழக்கூடும் என்பதால், தணிந்தபின்னும் வரவேண்டும் என்பதைச் சொல்லால் வேறுபடுத்திக் காட்டுதல் இன்றியமையாதது.

5.4 'பிளஸ் டிசீஸ்': பழைய குழாய்களின் புடைப்பையும் நெளிவையும் குறிக்கும் இத்தொடரை 'கூடுதல் நோய்' எனப் பெயர்த்தால், குழந்தைக்கு இன்னொரு நோயும் வந்துற்றது எனப் பெற்றோர் அஞ்சுவர். இது வேறு நோயன்று. அதே நோய் தீவிரமடைந்ததன் குறி. 'தீவிரக்குறி' எனலாம், அல்லது 'குழாய்ப்புடைப்பு' எனக் கண்டதைக் கண்டவாறு கூறலாம்.

5.5 மாதமும் வாரமும்: 34 வாரம் என்பது 238 நாள். பத்து மாதம் சுமந்து பெறுவது என்னும் தமிழ் வழக்கு 28 நாள் மாதத்திற்குப் பொருந்தும். அக்கணக்கில் அக்குழந்தை எட்டரை மாதம் நிறைந்தது. அதாவது ஒன்பதாம் மாதப் பிள்ளை. நாட்காட்டி மாதக் கணக்கிலோ எட்டு மாதமும் நிறையவில்லை. ஒரே குழந்தை ஒரு வீட்டில் 'ஒன்பதாம் மாதப் பிள்ளை' எனவும், இன்னொரு வீட்டில் 'எட்டாம் மாதப் பிள்ளை' எனவும் கூறப்படும். முன்னதைக் கேட்பவர் ஆபத்தில்லை என எண்ணக்கூடும். ஆகவே மருத்துவக் குறிப்பை மொழிபெயர்ப்போர் வாரத்தை மாதமாக மாற்றாது வாரமாகவே தருதல் வேண்டும்.

5.6 'படலம்': கன்னடத்தில் விழித்திரை 'அக்ஷிபடல' எனப்படுகிறது. தமிழில் 'கண்ணில் படலம்' என்பது கண்ணை மறைக்கும் வெண்திரையைக் குறிக்கும் பேச்சுவழக்கு. 'பூ விழுதல்' என்பதும் அத்தகையதே. கன்னட விளக்கத்தைக் கேட்கும் தமிழ்த்தாய், தன் குழந்தையின் கண்ணில் வெண்படலம் இருக்கிறதா எனப் பார்த்து, இல்லையெனக் கண்டு அமைதியடைய இடமுண்டு. ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா என்னும் பழைய பெயரின் குறை, வேறொரு மொழியின் வழியே திரும்பி வருவதை இங்குக் காண்கிறோம்.

5.7 நோயின் பெயர்: ஆய்வேட்டில் 'முதிராமை விழித்திரை நோய்' என்பது போதும், ஹீத்தின் பெயரிலுள்ள இரு கூறுகளும் அதில் உள்ளன. இலங்கைத் தமிழர் திசுவை 'இழையம்' என்றும் செல்லைக் 'கலம்' என்றும் வழங்குவர். ஆயினும் 'விழித்திரை' இரு நாட்டார்க்கும் புரியும் சொல்லாதலின் பெயரில் சிக்கல் இல்லை. பெற்றோருக்குரிய துண்டறிக்கையில் 'குறைமாதப் பிள்ளையின் கண் ரத்தக் குழாய் நோய்' என எழுதுதல் தகும். அது முதல் திசு மாற்றத்தையே சுட்டுகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று உள்ளே நிகழ்கிறது என்பதையும் உணர்த்துகிறது.

6. இந்தியச் சூழலும் தங்கவயலும்

2020ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையுமுன் பிறந்தனர். மேலைநாடுகளில் மிகச் சிறிய குழந்தைகளுக்கே வரும் இந்நோய், இங்கு எடை மிக்க குழந்தைகளுக்கும் வருகிறது. எனவே அமெரிக்காவில் 1,500 கிராம் அல்லது 30 வாரம் என்பது பரிசோதனைக்குரிய அளவாக இருக்க, இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைந்த எடையோடோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளைப் பரிசோதிக்க அறிவுறுத்தப்படுகிறது. பிறந்த 30 நாளுக்குள் முதற்பரிசோதனை நிகழவேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே நிகழவேண்டும். முன்னர் 'தீவிரப் பின்பகுதி நோய்' எனப் பொருள்படும் பெயர் பெற்றிருந்த கடுமையான வகையிலிருந்து 'பின்பகுதி' என்னும் அடை 2021இல் நீக்கப்பட்டமையும் ஈண்டு நோக்கத்தக்கது. வசதி குறைந்த நாடுகளில் பெரிய குழந்தைகளிடமும், விழித்திரையின் பிற பகுதிகளிலும் அது காணப்படுதலே இம்மாற்றத்திற்குக் காரணம்.

கருநாடகத்தின் ஊரக மாவட்டங்களுக்கு இப்பரிசோதனையைக் கொண்டுசெல்ல, பெங்களூர் நாராயண நேத்ராலயா 2008இல் 'கிட்ராப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் குழந்தைகள் இருக்கும் மருத்துவமனைக்கே கருவியுடன் சென்று விழித்திரையைப் படம் பிடிக்கின்றனர். படங்கள் இணையவழி வல்லுநரைச் சென்றடைகின்றன. முடிவு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்னும் நிறங்களால் குறிக்கப்படுகிறது. உடனடிக் கவனம் வேண்டும், தொடர்ந்து வரவேண்டும், இனி அச்சமில்லை என்னும் மூன்று செய்திகளை அந்நிறங்கள் மொழி கடந்து தெரிவிக்கின்றன. எனினும் ஆரஞ்சு நிறம் பெற்ற குழந்தையை அடுத்த வாரம் ஏன் கொண்டுவர வேண்டும் என்னும் வினாவிற்கு நிறம் விடை சொல்லாது. அதற்குச் சொல் வேண்டும்.

மேலே கண்ட நெறிகளைப் பின்பற்றி அமையக்கூடிய மாதிரிக் குறிப்பொன்று இது:

"உங்கள் பிள்ளை மாதம் நிறையுமுன் பிறந்ததால், கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் முழுதாக வளரவில்லை. அவை தாறுமாறாக வளர்ந்தால் பார்வை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே தெரியும். உள்ளே நடப்பதைக் கண் மருத்துவர் பார்த்தால்தான் அறிய முடியும். பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் காலம் கடந்துவிடலாம்."

இக்குறிப்பில் நோயின் பெயர்கூட இல்லை. ஆயினும் தடைப்பட்ட வளர்ச்சி, முறையற்ற பெருக்கம், புறத்தே தோன்றாமை, கால எல்லை ஆகிய நான்கும் இடம்பெற்றுள்ளன.

7. முடிவுரை

கலைச்சொல் ஆக்கத்தில் சுருக்கம், தெளிவு, மரபோடு இயைதல் முதலிய அளவுகோல்களைக் கூறுவது வழக்கம். நோய்ப்பெயர்களைப் பொறுத்தவரை இன்னுமோர் அளவுகோலைச் சேர்த்தல் வேண்டும்: பெயர் நோயின் எக்கட்டத்தைச் சுட்டுகிறது என்பது. முடிவைச் சுட்டும் பெயர் முடிவு தோன்றும் வரை காத்திருக்கச் செய்யும். தொடக்கத்தைச் சுட்டும் பெயர் தொடக்கத்திலேயே தேடச் செய்யும். மூச்சு திணறுமுன்னரே நுரையீரல் தழும்பேறிவிடும் என்பதைத் தங்கவயல் மக்கள் தம் முன்னோர் வாழ்வில் கண்டறிந்தவர்கள். கண்ணில் வெண்மை தோன்றுமுன்னரே விழித்திரையில் வரப்பு எழும் என்பதை அவர்களுக்கு அவர்தம் மொழியில் விளக்குவது இயலாத செயலன்று. அதற்குரிய சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைத் திசுவோடு ஒப்பிட்டுத் தேர்ந்து தருவது மொழிபெயர்ப்பாளர் கடன்.